ஓர் அத்தியாயத்துக்கான நேரம்

"படிக்க ஆசைதான், நேரம்தான் கிடைப்பதில்லை." ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு கையிலும் பை தொங்க வெளியே வருகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் பாதிப் புத்தகங்கள் பில்லோடு அப்படியே கிடக்கும். இவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கையில் நேரமே இல்லையா, இருக்கிற நேரம் படிப்பதற்குத் தோதாக இல்லையா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைப்பது, ஆண்டுக்கு நூறு புத்தகம் என்று சபதம் எடுப்பது போன்ற வீர வைத்தியங்கள் பிறக்கின்றன. பொங்கல் முடிவதற்குள் அவை அடங்கியும் விடுகின்றன.

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஓய்வு, கலை, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்குக் கொடுத்த பங்கு 2019இல் நாளில் 9.9 சதவீதம், 2024இல் 11 சதவீதம். சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் சேர்த்தி. அதனால் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஐந்து ஆண்டுகளில் இந்தப் பங்கு ஏறித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதேபோன்ற கணக்கெடுப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதை வைத்து 2025இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சராசரி நாளில் தன் விருப்பத்துக்காக எதையாவது படித்தவர்கள் 2004இல் 28 சதவீதம், 2023இல் 16 சதவீதம். பாதியை நெருங்கும் சரிவு. ஆனால் அதே ஆய்வில் வேறொரு விஷயமும் இருக்கிறது: படிக்கிறவர்கள் ஒரு நாளில் படிக்கும் நேரம் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. ஆக, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளவில்லை. பலர் அடியோடு விட்டுவிட்டார்கள், விடாதவர்கள் முன்பைவிடச் சற்று அதிகமாகவே படிக்கிறார்கள். நேரப் பஞ்சம் மட்டும்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டுமே.

என் எண்ணம் இதுதான். படிப்பதற்கான நேரத்தை வாசகர் தானே தேடி எடுத்துக்கொண்ட காலம் அநேகமாக இருந்ததில்லை. யாரோ ஒருவர் அதை நறுக்கி, அதற்கு அளவாக எழுத்தையும் நறுக்கி, கையில் கொடுத்தார்கள். அந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்விட்டன. இப்போது நேரத்தையும் புத்தகத்தையும் பொருத்துகிற வேலை முழுக்க நம் தலையில்.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி வாரப் பத்திரிகைத் தொடர்கதை. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கியதும், 1941இல் கல்கி தொடங்கியதும், 1947இல் குமுதம் வந்ததும் தமிழ் வீடுகளில் வாரத்துக்கு ஒரு படிக்கும் நாளை உண்டாக்கின. பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகமாக ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். இன்று அதை ஒரு பெட்டியாக வாங்கி மேசைமேல் வைத்தால் பார்க்கிறபோதே மலைப்பு வரும். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை அது கல்கி இதழில் தொடராக வந்தபோது யாரும் இரண்டாயிரம் பக்கத்தைப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு புத்தகப் பக்கம்தான். அரை மணிக்குள் முடிந்துவிடும். அடுத்த வாரம் வரை அதைப் பற்றிப் பேசலாம்.

இந்த ஏற்பாட்டில் எத்தனை வசதிகள் ஒளிந்திருந்தன என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எவ்வளவு படிப்பது என்பதைப் பத்திரிகை முடிவு செய்துவிட்டது. ஆசைப்பட்டாலும் அடுத்த அத்தியாயம் கிடைக்காது. எப்போது படிப்பது என்பதை இதழ் வரும் கிழமை முடிவு செய்தது. போன வாரம் என்ன நடந்தது என்பது மறந்திருந்தால் முன்கதைச் சுருக்கம் இருந்தது. வீட்டில் ஒரு பிரதி, படிக்க நாலு பேர் என்பதால் "முடிச்சுட்டியா, இங்கே கொடு" என்ற நெருக்கடியும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதையை முந்திச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. மன உறுதி என்ற சரக்குக்கு வேலையே இல்லை. தொடர் முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, பைண்டு பண்ணி வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். படத்தோடும் விளம்பரத்தோடும் இருக்கும் அந்தப் பைண்டிங் பிரதிகளைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகை நூலகங்களும் இப்படித்தான். சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் போலத் தமிழ்நாட்டு நகரங்களில் தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன லெண்டிங் லைப்ரரிகள் இருந்தன. புத்தகத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு ஏறும் என்ற பயத்திலேயே பக்கங்கள் நகர்ந்தன. வாங்கிய புத்தகத்துக்கு இந்த வேகம் கிடையாது. அது நம்முடையது, எங்கேயும் போகாது, அதனால் படிக்கப்படுவதும் இல்லை. அரசு நூலகங்களில் இன்றும் திருப்பித் தரும் தேதி உண்டு; அதை ஒரு தொல்லையாகப் பார்ப்பதைவிட உறுப்பினர் கட்டணத்தோடு இலவசமாகக் கிடைக்கும் ஒரு தார்க்குச்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு வண்டி. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் இருந்தன. எழுபது எண்பதுகளில் மாத நாவல்களும் பாக்கெட் நாவல்களும் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கியதற்கு ஒரு தெளிவான வியாபாரக் கணக்கு உண்டு: மதுரையில் ஏறினால் திருச்சியில் இறங்குவதற்குள் முடிய வேண்டும், தோளில் மாட்டிய பையின் வெளி அறைக்குள் நுழைய வேண்டும், தொலைந்தால் வருத்தப்படாத விலையில் இருக்க வேண்டும். இலக்கியப் பிரியர்கள் அந்த நாவல்களைப் பார்த்து முகம் சுளித்ததுண்டு. எனக்கு அவற்றின்மேல் மரியாதை உண்டு. படிக்கிறவரின் பயணம் எத்தனை நிமிடம் என்று யோசித்துப் புத்தகம் போட்டவர்கள் அவர்கள்.

புத்தகத்தின் உருவத்தையே படிக்கும் நேரத்துக்கு ஏற்ப மாற்றிய இன்னும் பெரிய முயற்சி இரண்டாம் உலகப் போரின்போது நடந்தது. அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1943க்கும் 1947க்கும் இடையில் 1,300க்கும் மேற்பட்ட தலைப்புகளில், 12 கோடிக்கு மேல் சின்னப் புத்தகங்கள் அச்சாயின. பதிப்பாளர்களும் ராணுவமும் சேர்ந்து செய்த வேலை. பத்திரிகை அச்சிடும் இயந்திரத்திலேயே இரண்டிரண்டாக அடித்து வெட்டியதால் பெரும்பாலானவை உயரத்தைவிட அகலம் அதிகமாக இருந்தன. சீருடைப் பையில் செருகிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக அச்சிட்டார்கள். வரி குட்டையாக இருந்தால் மங்கலான வெளிச்சத்திலும் ஆடுகிற கப்பலிலும் கண் வழுக்காது. போர்முனையில் இருக்கிறவனைவிட நேரமோ நிம்மதியோ குறைந்த வாசகன் யார்? அவர்களில் பலர் முதல்முறையாக ஒரு நாவலை முழுசாகப் படித்ததே அங்கேதான். உணவுக்கு வரிசையில் நிற்கும்போது, ஏவல் வரக் காத்திருக்கும்போது என்று படித்தார்கள். காத்திருப்பு ராணுவத்தில் நிறைய. அதற்குப் பொருத்தமான பொருள் பைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். படிக்கிறவருக்குக் கூலி கொடுத்ததும் முதலாளி அல்ல, அவர்கள்தான். கேட்டவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கியூபாவை ஆண்ட ஸ்பானியக் காலனி அரசு மறு ஆண்டே இதைத் தடை செய்தது. ஆனாலும் வழக்கம் மீண்டும் தலைதூக்கியது. அமெரிக்காவின் டாம்பா நகரச் சுருட்டாலைகளில் 1931இல் வாசிப்பவர்களை வெளியேற்றிய முதலாளிகள் அந்த இடத்தில் ரேடியோவை வைத்தார்கள். நம் பக்கத்திலேயே கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இது இருந்தது. ஒருவர் பத்திரிகையும் கதையும் படிப்பார், அவருக்கான பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுருட்டிக் கொடுப்பார்கள். நேரத்தை ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இன்றைக்கு நம்மிடம் இந்தத் துண்டு நேரங்கள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மெட்ரோ இருக்கிறது, மருத்துவமனை டோக்கன் வரிசை இருக்கிறது, டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அந்த இடத்துக்கு இப்போது வேறு குடித்தனக்காரர் வந்துவிட்டார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததிலிருந்து, ஐந்து நிமிட வெற்றிடத்துக்கு மிகச் சரியாக வெட்டப்பட்ட பொருள் கைபேசி வீடியோதான். பழைய தொடர்கதையின் தந்திரம் அத்தனையும் அதற்குத் தெரியும்: அளவு சிறியது, எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம், அடுத்தது என்ன என்ற ஆவல் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை. "தொடரும்" என்று போட்டு நிறுத்தாது.

புத்தகம் இந்தப் போட்டியில் தோற்பது அதன் முதல் சில நிமிடங்களில். 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும், அதனால் புதிய வேலை சரியாக ஓடாது. ஆபீஸ் மின்னஞ்சலைப் பாதியில் மூடிவிட்டு நாவலைத் திறப்பவருக்கு நேர்வது இதுதான். ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பார், 'இன்றைக்கு மூளை ஓடவில்லை' என்று மூடிவிடுவார், ரீல்ஸுக்குப் போவார். அங்கே இந்த நுழைவுக் கட்டணம் கிடையாது. களைத்திருக்கிறவர் மலிவான கதவைத்தான் தட்டுவார். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதற்குச் செய்யக்கூடியது, படிக்கிற வேளையை எல்லா வேலையும் முடிந்த பிறகு என்று வைக்காமல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் முதுகில் ஏற்றுவது. காபி ஆறும்வரை, ரயிலில் இடம் கிடைத்ததும், பிள்ளை தூங்கியதும் அதே அறையில். அடுத்தது, நேரத்தின் குணத்துக்கு ஏற்ற புத்தகம். எல்லா நேரத்துக்கும் ஒரே புத்தகம் என்று இருப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. கனமான நாவலை ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்துக்குச் சிறுகதைத் தொகுப்போ கட்டுரையோ கவிதையோ வைத்திருப்பது நடக்கிற காரியம். தமிழில் சிறுகதை இவ்வளவு செழிப்பாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நஷ்டம். பெரும்பாலான கதைகள் ஒரு காபி நேரத்துக்குள் முடிபவை.

கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம், நாளைக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் பதின்மூன்று பக்கம். பாதி நாள் தவறிப்போகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஆண்டுக்கு 250 பக்கப் புத்தகங்கள் ஒன்பதாவது தேறும். நூறு புத்தகச் சபதக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பள்ளி முடிந்த பிறகு ஒரு புத்தகம்கூட முடிக்காதவர்கள் நிறைந்த ஊரில் ஒன்பது என்பது பெரிய எண். வேகமாகப் படிக்கும் பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. பரீட்சைக்கு உதவுமோ என்னவோ, சுகத்துக்காகப் படிக்கிறவர் எதற்கு அவசரப்பட வேண்டும்? பாயசத்தை மடக்கென்று விழுங்குவதில் என்ன லாபம்?

கைபேசியில் படிப்பது படிப்பே இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 2018இல் 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மைதான், அதுவும் நேர நெருக்கடியில். ஆனால் அந்த வித்தியாசம் தகவல் கட்டுரைகளில்தான் தெரிந்தது. கதை மட்டும் படித்தவர்களிடம் தெரியவில்லை. எனவே மின்சார ரயிலில் நின்றபடி கைபேசியில் நாவல் படிக்கிறவர் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அறிவிப்புகளை மட்டும் அணைத்துவைத்தால் போதும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும், ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் தளத்திலும் இலவசமாகக் கிடைப்பவையே ஓர் ஆயுளுக்குப் போதும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஒலிப்புத்தகம் கேட்பவருக்கும் குற்ற உணர்வு தேவையில்லை. ஒரே நூலைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்தும் சிலருக்குப் படிக்கக் கொடுத்தும் 2016இல் செய்த ஒரு சோதனையில் இரு தரப்பின் புரிதலிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பீடி சுருட்டியவர்கள் காதால் படித்ததைக் குறைவாக மதிக்காத நாம், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பவரை ஏன் குறைத்துப் பேச வேண்டும்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. (அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். என்ன ஆண்டோ அது!) நூலகத்துக்குள் புத்தகத்தைத் தேடியும், ஊழியர் எடுத்து வரக் காத்திருந்தும் வாசகர் வீணாக்கும் நேரத்தை மனதில் வைத்து அவர் சொன்னது. இன்றைக்கு அந்த வீண் வேறு வடிவத்தில் இருக்கிறது. எதைப் படிக்கலாம் என்று பட்டியல்களை மேய்வது, விமர்சனம் பார்ப்பது, விலை ஒப்பிடுவது என்று படிக்கும் நேரத்தைத் தேர்வே தின்றுவிடுகிறது. ரசனை தெரிந்த ஒரு நூலகரோ, வாய்ப் பேச்சில் "இதை எடுத்துப் போங்க" என்று தரும் ஒரு சிநேகிதியோ இருந்தால் அது மொத்தமும் மிச்சம். பிடிக்காத புத்தகத்தை ஐம்பதாவது பக்கத்தில் மூடிவைப்பதும் இதில் சேரும். காசு கொடுத்தாயிற்றே என்று அதிலேயே மூன்று மாதம் தேங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கு. எல்லோருக்கும் அது இல்லை. அதே 2024 கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம்; ஆண்கள் 88 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் வராது, அது தனி. தொடர்கதைகளின் பொற்காலத்தை நடத்தியவர்களில் பெரும்பங்கு வீட்டுப் பெண்கள். சமையல் முடிந்து பள்ளிக்கூடம் விடுவதற்கு இடைப்பட்ட மதியம் அவர்களுடையது. தொண்ணூறுகளில் அந்த மதியத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் வாங்கிக்கொண்டன. வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு அந்த மதியமே இல்லாமல் போயிற்று.

அதனால் "தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்" என்ற அறிவுரையை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குரலில் சொல்வது கொஞ்சம் அநியாயம். கணவர் சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீடே 'அப்பா படிக்கிறார்' என்று சத்தத்தைக் குறைக்கும். மனைவி உட்கார்ந்தால் 'சும்மாதானே இருக்கே' என்று ஒரு வேலை வரும். கண்ணூரில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தாக வேண்டும்: படிக்கிறவரின் பங்கை மற்றவர்கள் சுருட்டுவது. இரவு எட்டரை முதல் ஒன்பது வரை அம்மாவின் நேரம் என்றால், அந்த அரை மணி அடுப்படியில் வேறொருவர் நிற்க வேண்டும், கடைக்குட்டியின் ஹோம்வொர்க்கை வேறொருவர் பார்க்க வேண்டும். குக்கர் எத்தனை விசில் விடணும் என்று நடுவில் வந்து கேட்கவும் கூடாது.